திறந்த வெளியும் திருமறைப் பக்கமும்
கண்புரை அறுவைக்குப் பின் எந்த லென்ஸ்?

வல்ல இறைவன் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளை எண்ணி முடிக்க இயலாது. அவற்றுள் பார்வையின் அருமையை, அது மங்கத் தொடங்கும்போதுதான் நம்மில் பெரும்பாலோர் உணர்கிறோம். முதியவர்கள் வாழும் இல்லங்களில், "கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்" என்ற பேச்சு இன்றோ நாளையோ எழவே செய்கிறது. அந்த அறுவையைக் கண்டு அஞ்சிய காலம் போய்விட்டது. ஆனால் அறுவைக்கு முன் மருத்துவமனையில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு விடை கூற முடியாமல் பல குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. "எந்த லென்ஸ் வைக்கலாம்?" என்பதே அக்கேள்வி.

சென்னை தரமணியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திலும் அக்கேள்வி எழுந்தது. நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர். சுப்ஹுத் தொழுகையைப் பள்ளிவாசலில் முடித்ததும், பைனாகுலரைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்றுவிடுவார். பறவைகளைக் காண்பதில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு. 'இந்தியாவின் பறவை மனிதர்' எனப் போற்றப்பெறும் டாக்டர் சாலிம் அலி (1896-1987) நம் சமுதாயத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தனி மகிழ்ச்சி தோன்றும். 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலக மதிப்புப் பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் இறங்கும் காட்சி, அவருக்கு இறைவனின் படைப்பாற்றலை எண்ணிப் பார்க்க வைக்கும் காலைப் பாடம்.

ஒருநாள் தண்ணீரோரம் நின்ற நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால்கள் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. உடன் வந்த பேரன் சுட்டிக் காட்டிய பிறகும் எல்லாம் பழுப்பாகவே தெரிந்தன. எதிரே வரும் வாகனங்களின் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்தது. பரிசோதனையில் இரு கண்களிலும் புரை முற்றி வருவது தெரிந்தது. அதே காலத்தில் அவருடைய துணைவியாருக்கும் புரை இருப்பது தெரியவந்தது.

முதலில் சென்ற மருத்துவமனையில் லென்ஸ்களின் விலைப்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தனர். அவர் வாழ்வைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அத்தா, உங்கள் கண்ணுக்குக் கணக்குப் பார்க்கலாமா? இருப்பதில் விலை கூடியதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் மகள். பாசத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் நண்பர் கையொப்பமிடாமல் திரும்பி வந்து வேறொரு மருத்துவரை நாடினார். அம்மருத்துவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நாம் சொல்ல வந்த செய்தி அனைத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

லென்ஸ் வந்த வரலாறு

நம் கண்ணினுள் இயற்கையாக அமைந்த லென்ஸ் பளிங்கு போலத் தெளிவானது. வயது ஏற ஏற அது மங்கிப் போவதே புரை. நீரிழிவும், புகைப் பழக்கமும், நெடுங்காலம் கண்ணில் படும் வெயிலின் புற ஊதாக் கதிர்களும் அதை விரைவுபடுத்துகின்றன. வெளியிலேயே பொழுதைக் கழிப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

புரையை நீக்கும் முயற்சியில் முஸ்லிம் மருத்துவர்களின் பங்கு பெரிது. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிமின் காலத்தில் வாழ்ந்த அம்மார் அல் மவ்ஸிலி, உள்ளே துளையுள்ள ஊசியால் மென்மையான புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்தார். ஆனால் புரையை எடுத்த இடத்தில் மாற்று வைக்க வழியில்லாத குறை நெடுங்காலம் நீடித்தது. அறுவைக்குப் பின் நம் பாட்டனார்கள் அணிந்த தடித்த 'சோடாபுட்டி'க் கண்ணாடியைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். எடுக்கப்பட்ட லென்ஸின் வேலையை அக்கண்ணாடியே செய்தது.

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களில், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துத் தங்கின. அவை கண்ணைப் புண்படுத்தாமல் இருந்ததை இலண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கண்டார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தினார். உடன் தொழில் புரிந்தோர் பலர் அவரை நீண்ட காலம் எதிர்த்தனர். முதுமையில் ரிட்லியின் கண்களிலேயே புரை விழ, அவர் கண்டறிந்த சிகிச்சையே அவருக்குப் பார்வை தந்தது.

நம் நாட்டு ஏழைக்கு அந்த லென்ஸ் எட்டியது தமிழகத்தின் முயற்சியால்தான். மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அறுவை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992இல் லென்ஸ் தயாரிப்பில் இறங்கியது. நூறு டாலர் அளவில் விற்ற லென்ஸ் பத்து டாலர் அளவிற்கு இறங்கியது. இன்று மதுரையில் செய்யப்பட்ட லென்ஸ் பல நாடுகளின் எளியோர் கண்களில் ஒளியூட்டுகிறது. எனவே விலை குறைந்தது தரம் குறைந்தது என்று எண்ணிவிட வேண்டியதில்லை.

மூன்று வகை, மூன்று இயல்பு

இயற்கை லென்ஸ் இளமையில் தொலைவுக்கும் அருகுக்கும் தானே மாறிக்கொள்ளும். செயற்கை லென்ஸுக்கு அந்த ஆற்றல் இல்லை. அக்குறையை எப்படி ஈடு செய்வது என்பதில்தான் வகைகள் பிறக்கின்றன.

முதலாவது, மோனோஃபோகல் எனப்படும் ஒற்றைக் குவிய லென்ஸ். ஒரே தொலைவுக்குத் தெளிவு தரும். பெரும்பாலோர் தொலைப் பார்வைக்கு வைத்துக்கொண்டு, படிக்க மட்டும் கண்ணாடி அணிகின்றனர். கண்ணுக்குள் வரும் ஒளி முழுவதையும் ஒரே இடத்தில் குவிப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் காட்சி தெளிவாக இருக்கும்.

இரண்டாவது, மல்டிஃபோகல் எனப்படும் பல குவிய லென்ஸ். வரும் ஒளியைத் தொலைவுக்கும் அருகுக்கும் பங்கிட்டுத் தருகிறது. கண்ணாடியின் தேவை பெரிதும் குறையும். ஆனால் பங்கிடப்பட்ட ஒளியில் மங்கலான பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் திறன் சற்றுக் குறைகிறது. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றலாம். பலருக்கு இது சில மாதங்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகுவதில்லை. ஒருமுறை வைத்த லென்ஸை எடுத்து மாற்றுவது முதல் அறுவையைப் போல எளிதன்று. எனவே முன்கூட்டியே யோசிப்பதே அறிவுடைமை.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, குவியத்தை நீட்டித்துத் தரும் ஈடாஃப் லென்ஸ். தொலைவும், கணினி வைக்கும் அளவிலான இடைத்தூரமும் தெளியும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

இவை தவிர டோரிக் என்று ஒன்று உண்டு. கருவிழியின் வளைவு ஒருபுறம் கூடியும் மறுபுறம் குறைந்தும் இருந்தால் காட்சி இழுபட்டுத் தெரியும். அந்தக் கோணலைச் சரிசெய்வது டோரிக். அதை உரிய கோணத்தில் நிறுத்த வேண்டும்; 10 பாகை திரும்பிவிட்டாலும் அதன் பயனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

வாழ்வுக்கு ஏற்ற தேர்வு

நண்பரின் நாளை மருத்துவர் கேட்டறிந்தார். விடியலுக்கு முந்திய இருளில் பள்ளிவாசலுக்கு நடை; அரை வெளிச்சத்தில் சேற்றோரப் பாதை; தொலைவில் சாம்பல் நிற நாணலிடையே சாம்பல் நிறப் பறவை; மஃரிபுக்குப் பின் வாகன நெரிசலில் வீடு திரும்புதல். இவை யாவும் மங்கிய ஒளியிலும் தெளிவைக் கேட்பவை. ஒளியைப் பங்கிடும் லென்ஸ் இவருக்குப் பொருந்தாது என்றார் மருத்துவர். பைனாகுலருக்கும் தொலைப் பார்வை லென்ஸே போதுமானது. அருகிலிருந்து தொலைவு வரை குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ள அக்கருவியிலேயே வழி இருக்கிறது.

இன்னொரு நன்மையையும் அவர் எடுத்துக் கூறினார். இரட்டைக் குவியக் கண்ணாடி அணிந்து மேடு பள்ளத்தில் நடப்போர், கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே தரையைப் பார்க்கும்போது அது மங்கித் தெரியும். முதியோர் இடறி விழ இதுவும் ஒரு காரணம். தொலைவுக்கு லென்ஸ் வைத்துக்கொண்டவர் கண்ணாடியின்றியே படியையும் வரப்பையும் கண்டு நடக்கலாம்.

நண்பருக்கு ஒரே ஓர் ஏக்கம் இருந்தது. "கண்ணாடியில்லாமல் குர்ஆன் ஓத வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, டாக்டர்" என்றார். "இரண்டையும் குறையின்றித் தரும் லென்ஸ் இன்னும் வரவில்லை, பாய். எதற்குக் கண்ணாடி அணிய உங்கள் மனம் இசையும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார் மருத்துவர். நண்பர் ஓர் இரவு முழுதும் சிந்தித்தார். ஓதுவதற்கு உட்காரும்போது கண்ணாடியை எடுத்து அணிவது எளிது. இருளில் நடக்கும்போது தெளிவை எங்கே போய் எடுப்பது? தொலைப் பார்வைக்கே ஒப்பினார். வலக் கருவிழியில் கோணல் இருந்ததால் அதற்கு மட்டும் டோரிக் வைக்கப்பட்டது. விலை அதற்குக் கூடுதல்தான். ஆனால் அங்கே கொடுத்த பணத்திற்குப் பயன் இருந்தது.

துணைவியாரின் தேர்வோ வேறு. அவர் சிறு வயது முதல் கிட்டப்பார்வை உடையவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இத்தனை ஆண்டுகளும் ஓதினார், தைத்தார், அரிசியில் கல் பொறுக்கினார். அவருக்கு அருகுப் பார்வைக்கே ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்தனர். வெளியே செல்லும்போது வழக்கம் போல் கண்ணாடி அணிகிறார். ஒரே வீடு, ஒரே நோய், லென்ஸ் மட்டும் வேறு. அண்டை வீட்டார் வைத்ததை நாமும் வைப்போம் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பல குவிய லென்ஸைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இரவுப் பயணம் இல்லாதவர், நாள் முழுதும் எழுத்தும் ஆள்முகமும் மாறி மாறிப் பார்க்க வேண்டிய கடைக்காரர் முதலியோர் அதனால் மகிழ்ச்சியடைவதுண்டு. ஆனால் நீரிழிவால் விழித்திரை பழுதானவர்க்கும், கண் நீர் அழுத்த நோய் முற்றியவர்க்கும் பொதுவாக அது ஏற்றதன்று.

மறவாமல் சொல்ல வேண்டியவை

லென்ஸின் பவரைக் கணிக்கக் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறத்தாழ இரண்டரை பவர் பிசகும். ஆதலால் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மருத்துவர் கூறும் நாள்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். முன்னர் லேசர் மூலம் கண்ணாடியை நீக்கிக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிறுநீர்த் தடைக்காக டாம்சுலோசின் மாத்திரை உண்ணும் ஆண்கள் அதையும் மறைக்கக் கூடாது. அறுவையின்போது கண்மணி சுருங்கிச் சிக்கல் தர அம்மருந்து காரணமாகலாம்.

அறுவைக்குப் பின் குளம், சேறு, புழுதி ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும். நண்பர் பொறுமையிழந்தும் சில வாரங்கள் சதுப்பு நிலம் பக்கம் போகவில்லை. வெயிலில் செல்கையில் அகன்ற தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குளிர்க் கண்ணாடியும் நன்று. மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால் 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று கலங்க வேண்டாம். லென்ஸைத் தாங்கும் மெல்லிய சவ்வு மங்குவதுண்டு. சில நிமிட லேசர் சிகிச்சையில் அது தெளிந்துவிடும்.

ஒளூவின்போது கண்ணில் தண்ணீர் படலாமா, ஸஜ்தாவில் குனியலாமா என்ற ஐயம் நம்மவர் அனைவர்க்கும் எழும். எத்தனை நாள் தவிர்ப்பது என்பதை மருத்துவரிடமும், அந்நாள்களில் எவ்வாறு தொழுவது என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடமும் கேட்டறியுங்கள். நோயாளிக்கு உட்கார்ந்தும் சைகையாலும் தொழும் சலுகையை அளித்த மார்க்கம் நம் மார்க்கம். நோய்க்கு மருத்துவம் தேடுவதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியே.

வசதி குறைந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 1819இல் தொடங்கப்பட்டு, உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சென்னையிலேயே இருக்கிறது. அங்கு ஏழை எளியோர் கட்டணமின்றி அறுவை செய்துகொள்ளலாம். உங்கள் தெருவில் புரையோடு தட்டுத் தடுமாறும் முதியவரை அங்கே அழைத்துச் செல்வதும் ஒரு தர்மமே.

இப்போது நண்பர் வீட்டில் மஃரிபுக்குப் பின் கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து ஓதுகின்றனர். அவர் கண்ணாடியுடன், அம்மையார் கண்ணாடியின்றி. விடியற்காலையில் நண்பர் மட்டும் வெறுங்கண்ணுடன் சதுப்பு நிலம் நோக்கிப் புறப்படுகிறார். நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால்களை இப்போது பேரனுக்கு அவரே சுட்டிக் காட்டுகிறார்.

பார்வையை அளித்தவனுக்கே புகழ் அனைத்தும். அதை இறுதி வரை நலமுடன் பேணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.