செங்குழியத்துக்கு ஒரு குறி

பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கத்தை நாம் அறிவோம். பல மந்தைகள் கலந்து மேய்ந்தாலும், குறியைக் கண்டு உடையவன் தன் மாட்டைப் பிரித்துக்கொள்வான். குருதியில் ஓடும் செங்குழியங்களோ ஒரு கன மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பது இலட்சம். யாவும் ஒரே சாயல். அவற்றுள் ஒன்று எத்தனை நாள் வாழ்கிறது என்று எங்ஙனம் கணிப்பது?

1919ஆம் ஆண்டில் வினிபிரெட் ஆஷ்பி என்னும் பெண்மணி அமெரிக்காவில் ஒரு வழி கண்டார். ‘ஓ’ வகைக் குருதியை வேறு வகையினருக்கு ஏற்றினார். பின் எடுத்த குருதியில் நோயாளியின் சொந்தக் குழியங்களை மட்டும் ஒட்டித் திரளச் செய்து, திரளாது எஞ்சியவற்றை எண்ணினார். ஆயினும், இம்முறையால் ஒருவரின் சொந்தக் குழியங்களை அளக்க இயலாது. டேவிட் ஷெமின் என்னும் அறிஞர் தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார். கதிர்வீசாத, பாரம் மிகுந்த நைதரசன் சேர்ந்த கிளைசீனை 66 கிராம் உண்டு, அது தம் செங்குழியங்களில் ஏறி இறங்கிய காலத்தைக் கணித்தார். 1946இல் வெளியான விடை, 127 நாட்கள்!

1950 முதல் கதிர்வீசும் குரோமியம் வழக்கிற்கு வந்தது. முறை இலகுவானதுதான். ஆனால் கர்ப்பிணிக்கும் பச்சிளங் குழந்தைக்கும் அதனை ஏற்ற எவர் மனம் துணியும்?

இங்கேதான் கோழிமுட்டை உதவிக்கு வந்தது. பச்சை முட்டையின் வெண்கருவில் அவிடின் என்றொரு புரதம் உண்டு. பயோற்றின் என்னும் உயிர்ச்சத்தைக் கண்டால் அது விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். (சாமத்தியப்பட்ட பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டும் நம் பாட்டிமார் அஞ்சவேண்டியதில்லை, சில நாள் முட்டையால் அச்சத்து வற்றிவிடாது.) சிறிது குருதியை வெளியே எடுத்து, செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள புரதங்களில் பயோற்றினைப் பூட்டி, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். பின்பு அவ்வப்போது சில துளி எடுத்து, ஒளிரும் சாயம் சேர்ந்த அவிடினைக் கலந்தால், குறியிட்ட குழியங்கள் மட்டும் ஒளிரும். கருவி அவற்றை எண்ணிவிடும்.

குறியைக் கூட்டியும் குறைத்தும் இடலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் சொந்தக் குழியங்களுக்கு ஓரளவும், கொடையாளியின் குழியங்களுக்கு வேறளவும் இட்டு, இரண்டின் ஆயுளையும் ஒரே உடலில் ஒரே வேளையில் அயோவாப் பல்கலைக்கழகத்தார் அளந்தனர். குறையும் உண்டு: சிலருடைய உடல் பயோற்றின் பூட்டிய குழியத்தை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மனங்கொள்ளவேண்டிய செய்தி 2008இல் வெளியாயிற்று. குருதிநோய் எதுவுமில்லாதாரிடத்திலும், செங்குழியங்களின் சராசரி வயது ஆளுக்கு ஆள் 38 நாள் முதல் 60 நாள் வரை வேறுபடுவதை இம்முறை காட்டியது. நீரிழிவுக்காரருக்குச் செய்யும் ‘மூன்று மாதச் சீனிப் பரிசோதனை’ செங்குழியத்தில் ஒட்டிய சீனியையே அளக்கிறது. நெடுநாள் வாழும் குழியத்தில் சீனி மிகுதியாக ஒட்டும்; விரைந்து மடிவதிற் குறைவாகவே ஒட்டும். ஆகவே, இருவருடைய குருதியில் சீனி ஒரே அளவாயிருந்தும் பரிசோதனைத் தாளில் எண்கள் வேறாகலாம். விரலிற் குத்திப் பார்க்கும் அளவோடு அவ்வெண் பொருந்தாவிடின், இரண்டு தாள்களையும் வைத்தியரிடம் காட்டிக் காரணத்தைக் கேட்பதே முறை.