உங்களுக்குத் தெரியுமா? தேன்கூட்டுத் தட்டும் ஒளியின் எல்லையும்

ஸ்டுடியோ ஒளிப்படக்கலையில் ஃபிளாஷ் விளக்கின் முகப்பில் பொருத்தப்படும் ‘கிரிட்’ என்பது, அறுகோணக் கண்ணறைகள் தேன்கூடுபோல் நெருங்கி அமைந்த கறுப்பு உலோகத் தட்டாகும். நேராக வரும் கதிர்கள் அக்கண்ணறைகளின் வழியே வெளியேற, மிகச் சாய்ந்து வருபவை கறுப்புச் சுவர்களில் பட்டு உறிஞ்சப்படுவதால், ஒளி குறுகிய கூம்பாகவே பரவுகிறது. கண்ணறையின் அகலத்தைவிட ஆழம் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்குக் கூம்பு ஒடுங்கும். கடைகளில் 10, 20, 30, 40 பாகை எனக் குறிக்கப்படுவது இக்கூம்பின் விரிவே. ஒளியைக் குவிப்பது லென்ஸின் வேலை. கிரிட் வேண்டாததைக் கழிக்கிறது, அவ்வளவே. அதனால் குறையும் வெளிச்சத்தை, விளக்கின் திறனைக் கூட்டியோ கேமராவின் துளையை அகலத் திறந்தோ ஈடுசெய்ய வேண்டியுள்ளது. பின்னிருந்து கூந்தலின் விளிம்பை மட்டும் ஒளிர்விக்கும் விளக்குக்குக் கிரிட் பெரிதும் பயன்படுகிறது. அது இல்லாவிடில் சிதறும் ஒளி லென்ஸுக்குள் புகுந்து படத்தை வெளிறச் செய்யும்.