பழைய பெட்டியில் இனிய நாதம்

இனிய இசையை வீட்டிலிருந்தே கேட்டு மகிழப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதில்லை. பிறர் பாவித்துக் கழித்த அம்பிளிபயர் ஒன்றும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், பொறுமையுள்ளவர்க்கு அவையே போதும்.

நமது குடாநாட்டில் இத்தகைய பெட்டிகளுக்குத் தனிக்கதை ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் இங்கு மின்சாரம் அற்றுப் போயிற்று; பற்றரிகளுக்கும் தடை வந்தது. சைக்கிளின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர் நம்மவர். அந்தச் சிறு மின்சாரம் பெரிய அம்பிளிபயருக்கு எம்மட்டில்? அவை ஊமையாயின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு அகன்றபோது, கனத்த பெட்டிகள் வீட்டோடு நின்றன. ஆகவே, இன்று நம் கைக்கு வரும் பழைய செற் காலத்தைக் கடந்து பிழைத்து வந்த பொருளாகவும் இருக்கலாம். அதனோடு வரும் கசற்றுக்களில் கோயில் திருவிழாவின் மேளமோ, மறைந்துவிட்ட பாட்டனாரின் குரலோ அடங்கியிருத்தல் கூடும். போனால் மீளாத பொருள்கள் அவை. ஆதலின் அவசரம் ஆகாது.

முதலிற் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஜப்பானுக்கென 100 வோல்ற்றிலும், அமெரிக்காவுக்கென 120 வோல்ற்றிலும் செய்யப்பட்ட செற்றுக்களை நேரே மாட்டினால் புகைதான் மிஞ்சும். அவற்றுக்கு ஏற்ற டிரான்ஸ்போமர் தேவை. அதுவும் வோல்ற்றை மாற்றுமேயன்றி, மின்சாரத்தின் துடிப்பு வேகத்தை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று, நமது 50. அதனால் அந்நாட்டுப் பழைய இசைத்தட்டு இயந்திரங்கள் சில இங்கே மெதுவாகச் சுழன்று பாட்டை இழுக்கும்.

நெடுங்காலம் உறங்கிய அம்பிளிபயரை முதன்முறை இயக்குமுன், மின்தொழில் அறிந்த ஒருவரை அழைப்பதே முறை. அவர் பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பார். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். மங்காது பிரகாசமாய் எரிந்துகொண்டே நின்றால் உள்ளே பழுதுண்டு. செருகியைக் கழற்றிய பின்பும் உள்ளிருக்கும் கொள்ளளவிகள் மின்னைத் தாங்கி நிற்கும். பிள்ளைகளை அண்டவிடல் ஆகாது.

ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள மென்பஞ்சு வளையம் நமது வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் உதிர்ந்துவிடுவது வழக்கம். துணியை நீக்கிப் பார்த்தே விலை பேசுக. வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டுவிக்கலாம். இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பை ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் 1925 இல் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரிலேதான். அம்பிளிபயரில் 8 ஓம் என எழுதியிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கரை அதிற் பூட்டலாகாது, சூடேறிக் கெடும்.

வயர்களைப் பூட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதே விதி. ஒரு பெட்டியில் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்வரும்போது மற்றது பின்செல்லும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தவிலின் தொப்பி ஒலி மெலிந்து கேட்குமாயின் இதனையே முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

பின்னர் இடம் பார்த்தல். பெட்டிகள் இரண்டும், கேட்பவர் அமரும் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமைதல் சிறப்பு. ஆறு முதல் எட்டு அடி இடைவெளி போதும். சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி, சிறிய கூம்பு காதின் மட்டத்தில் நிற்குமாறு வைக்குக. நம் வீடுகளின் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். பாயொன்று விரித்துத் திரைச்சீலை தொங்கவிட்டால் தெளிவு பிறக்கும். அம்பிளிபயரின் தலையில் அலங்காரத் துணி போர்த்த வேண்டாம். அதற்கும் மூச்சுவிட வழி வேண்டும். இடி முழங்குங்காற் செருகியைக் கழற்றிவிடுக.

எல்லாம் ஒழுங்கானபின் பாட்டனாரின் கசற்றை எடுக்கலாமா? இன்னும் பொறுத்தல் நன்று. பழைய இயந்திரத்தின் பிசுபிசுத்த உருளை நாடாவைச் சுற்றி இழுத்து நைத்துவிடும். உருளைகளைத் துடைத்துச் சுத்தஞ்செய்து, போனாலும் கவலையில்லாத கசற்று ஒன்றை முழுதும் ஓடவிட்டுப் பார்க்க. அது பழுதின்றி ஓடினால், அருமைக் கசற்றைப் போடுக. அது பாடும்போதே கணினியிலோ கைத்தொலைபேசியிலோ படியெடுத்து வைத்துக்கொள்க.

1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் கைவண்ணத்தை இன்றைய இளைஞர் அறிவது ஒலிப்பதிவுகளாலேயே. உலகறிந்த மேதைக்கு அது கைகொடுத்தது. ஊரறிந்த நம் முன்னோரின் குரலைக் காத்துத் தரவேண்டியவர் நாமே.