தேவனா, கடவுளா?

தமிழ் வேதாகமத்தில் பரம்பொருளைப் பப்ரிஷியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். 1850இல் அச்சேறிய பேர்சிவல் பாதிரியார் மொழிபெயர்ப்புக்குச் சைவராகிய ஆறுமுக நாவலரே துணைநின்றார். எனினும் அது சபைகளில் நிலைபெறவில்லை. பழகிய சொல்லைச் செவி எளிதில் விடுமா? 1871ஆம் ஆண்டுப் பவர் ஐயர் திருத்தம் 'தேவன்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. 'சிருஷ்டித்தார்' 'படைத்தார்' ஆயிற்று.

ஆலயத்தில் வாசிப்பதைச் சபை தீர்மானிக்கும். தனியே படிப்பவர் எதைக் கைக்கொள்வது? எங்கள் நோட்டன் பிரிட்ஜ் லயங்களில் பாட்டிமார் எழுத்தறியாமலே மனனம் செய்தவை பவர் ஐயரின் சங்கீதங்கள். வாய்விட்டுப் படிக்க இன்றும் அவற்றுக்கு ஈடில்லை என்பேன். ஆனால் பவுலடிகளின் நிருபங்களில் அந்நடை சுற்றி வளைகிறது. பள்ளித் தமிழுடன் வரும் மாணவன் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று திகைக்கிறான். அவனுக்குத் திருவிவிலியமே தக்கது. அதையே பாட்டிக்கும் படித்துக் காட்டினால், "இது நம்ம வேதம் இல்லையே, தம்பி" என்பாள். அவளுக்குப் பழையதையே படிக்கட்டும். வீட்டில் இரண்டும் இருக்கலாம்.

வாங்குமுன், தோபித்து, மக்கபேயர் முதலிய நூல்கள் அடங்கிய பதிப்பா என்று பாருங்கள். எழுத்தின் பருமனையும் பாருங்கள். பனி மூடும் மலைநாட்டு மாலையில், பொடியெழுத்துப் பதிப்பு எத்துணை மலிவாயினும் பெட்டியிலேயே உறங்கும்.