மின் கட்டணம் பூஜ்யம்; குடும்பச் செலவோ ஏறுமுகம்
கர்நாடகத்தில் எரிசக்தி விலை உயர்வைச் சுமப்பது யார்?

பெங்களூரு: பெங்களூரில் உள்ள சுதந்திரப் பூங்கா, 2025 ஏப்ரல் மாதத்தில் பதினைந்து நாள் இடைவெளியில் இரு போராட்டங்களைக் கண்டது. டீசல் வரியையும் மின் கட்டணத்தையும் மாநில அரசு உயர்த்தியதைக் கண்டித்து ஏப்ரல் 2-ம் தேதி பாஜக அங்கு தர்ணாவைத் தொடங்கியது. விலைவாசி உயர்வுக்கு மத்திய அரசே காரணம் என்று ஏப்ரல் 17-ம் தேதி ஆளும் காங்கிரஸ் அதே இடத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. இடைப்பட்ட நாள்களில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

இரு கட்சிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. இரண்டு அரசுகளும் எரிபொருளின் மீது வரியை உயர்த்தின என்பதே உண்மை.

இரு அரசுகள், ஒரே மாதம்

2025 ஏப்ரல் 1-ம் தேதி டீசல் மீதான விற்பனை வரியை 18.44 சதவீதத்திலிருந்து 21.17 சதவீதமாகக் கர்நாடக அரசு உயர்த்தியது. லிட்டருக்கு ரூ.2 கூடி, பெங்களூரில் டீசல் விலை ரூ.91-ஐத் தாண்டியது. அதற்கு முன்பு 2024 ஜூனில் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்குச் சுமார் ரூ.3 உயர்ந்திருந்தன. அண்டை மாநிலங்களைக் காட்டிலும் கர்நாடகத்தில் விலை குறைவுதான், ஒசூரில் டீசல் ரூ.94-க்கு மேல் விற்கிறது என்பது அரசின் அப்போதைய விளக்கம்.

அடுத்த வாரமே மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு ரூ.2 உயர்த்தியது. சர்வதேசச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்த நேரம் அது. எனவே சில்லறை விலை உயரவில்லை. ஆனால், அந்தச் சரிவின் பலன் நுகர்வோருக்கு வந்து சேரவும் இல்லை. அதே நேரத்தில் வீட்டு உபயோக சமையல் எரிவாயு சிலிண்டர் விலையும் ரூ.50 உயர்ந்தது.

பூஜ்ய ரசீது

மறுபுறம், கர்நாடகத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு வரும் மின் ரசீதில் செலுத்த வேண்டிய தொகை பூஜ்யம். 2023-ல் தொடங்கப்பட்ட "கிருஹ ஜோதி" திட்டத்தின்படி, ஒவ்வொரு வீட்டின் பழைய சராசரிப் பயன்பாட்டுடன் 10 சதவீதம் சேர்த்து, மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. சுமார் 1.6 கோடி குடும்பங்கள் இதனால் பயனடைகின்றன. இதற்கென 2025-26 பட்ஜெட்டில் ரூ.10,100 கோடி ஒதுக்கப்பட்டது.

கோடையில் மின்விசிறியை நிறுத்தத் தேவையில்லாத நிலை ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய நிம்மதி அல்ல. ஆனால் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும்.

அப்படிச் செலுத்துவோருக்கு 2025 ஏப்ரலில் கணக்கு மாறியது. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு உபயோகக் கட்டணத்தை யூனிட்டுக்கு ரூ.5.90-லிருந்து ரூ.5.80 ஆகக் குறைத்தது. அதே சமயம் மின் துறை ஊழியர்களின் ஓய்வூதியம், பணிக்கொடைக்காக யூனிட்டுக்கு 36 பைசா வசூலிக்க அனுமதித்தது. 10 பைசா குறைப்பும் 36 பைசா கூடுதலும் போக, நிகர உயர்வு 26 பைசா. நிலைக் கட்டணமும் கிலோவாட்டுக்கு ரூ.120-லிருந்து ரூ.145 ஆனது.

வேறு வழியில் வரும் செலவு

பூஜ்ய ரசீது பெறும் வீடும் எரிசக்தி விலை உயர்விலிருந்து தப்புவதில்லை. அது பேருந்துச் சீட்டிலும் ஆட்டோ மீட்டரிலும் காய்கறிப் பையிலும் வந்து சேர்கிறது.

2025 ஜனவரி 5-ம் தேதி அரசுப் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. பத்தாண்டுகளில் நான்கு போக்குவரத்துக் கழகங்களின் தினசரி டீசல் செலவு ரூ.9.16 கோடியிலிருந்து ரூ.13.21 கோடியாகிவிட்டது என்று அரசு காரணம் கூறியது. 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் இருப்பதால், இந்த உயர்வு நேரடியாக ஆண் பயணிகளின் தலையில் விழுந்தது. காலையில் தொழிற்பேட்டைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் கூலித் தொழிலாளர்கள் இவர்களில் கணிசமானோர்.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி ஆட்டோ கட்டணம் முதல் 2 கி.மீ.-க்கு ரூ.30-லிருந்து ரூ.36 ஆகவும், அடுத்த ஒவ்வொரு கி.மீ.-க்கும் ரூ.15-லிருந்து ரூ.18 ஆகவும் ஆனது. 5 கி.மீ. பயணத்துக்கு ரூ.75 கொடுத்தவர் ரூ.90 கொடுக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டால் அவரிடமும் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பருக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் உயர்வு இது. எரிவாயு விலையோ அதுவரை காத்திருக்கவில்லை.

சிறு தொழிலின் சங்கடம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் உள்ளன. தமிழகத் தொழிலாளர்கள் பலரும் பிழைக்கும் இடம் இது. வார்ப்படம், முலாம் பூசுதல், உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துதல் போன்ற பணிகளில் மின்சாரமே ஒரு மூலப்பொருள். பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு முதலாளி, ஒப்பந்த விலைக்குக் கட்டுப்பட்டவர். மின் கட்டணம் உயர்ந்த மாதத்தில் அவரால் பொருளின் விலையை உயர்த்த முடியாது. கூடுதல் நேரப் பணியையும் புதிய ஆள் சேர்ப்பையும்தான் அவரால் குறைக்க முடியும்.

2023-ல் யூனிட்டுக்குச் சராசரியாக 70 பைசா உயர்த்தப்பட்டபோது, ஹூப்ளியில் உள்ள கர்நாடக வர்த்தக, தொழில் சபையின் அழைப்பை ஏற்று ஜூன் 22-ம் தேதி மாநிலத்தின் பல பகுதிகளில் ஆலைகளும் கடைகளும் மூடப்பட்டன. 2024-ல் ஆணையம் தொழில், வணிகப் பிரிவுகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. தமிழகத்திலும் இதே குமுறல் எழுந்தது. நிலைக் கட்டணம், உச்ச நேரக் கட்டணம் ஆகியவற்றை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ம் தேதி அங்கு சிறு தொழிற்கூடங்கள் ஒரு நாள் மூடப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் வரி அமைப்பின் பங்கும் உண்டு. பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரி வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை; மின்சாரத்துக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. எனவே மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதுபோல், டீசலுக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய வரியைத் தொழில்முனைவோர் கழித்துக்கொள்ள முடியாது. அது பொருளின் விலையில் கலந்து, கடைசியில் வாங்குபவரிடம் வந்து நிற்கிறது. இந்த வருவாயை இழக்க மத்திய அரசோ மாநிலங்களோ முன்வருவதில்லை. கட்சிகள் வேறுபட்டாலும், இதில் டெல்லியும் பெங்களூரும் ஒரே அணியில் நிற்கின்றன.

லாரிகள் நின்ற நாள்கள்

டீசல் விலை உயர்வையும் மாநில நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்தையும் எதிர்த்து 2025 ஏப்ரல் 14-ம் தேதி நள்ளிரவு தொடங்கிய லாரி வேலைநிறுத்தம், அரசுடன் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் சில நாள்களில் கைவிடப்பட்டது. லாரி வாடகை உயர்ந்தால் அரிசி, பருப்பு, சிமென்ட் என எதன் விலையும் தப்பாது. இந்த உயர்வு வருமான வரியைப் போல ஆளைப் பார்த்து விதிக்கப்படுவதல்ல. மாதம் ரூ.15 ஆயிரம் ஈட்டுபவரும் ரூ.1.5 லட்சம் ஈட்டுபவரும் ஒரு கிலோ தக்காளிக்குக் கொடுக்கும் லாரிச் செலவு ஒன்றுதான்.

இலவச மின்சாரத்தை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. நிறுத்தினால் அந்தச் சுமையும் அதே குடும்பத்தின் மீதுதான் ஏறும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ரசீதில் சலுகையும், கண்ணுக்குத் தெரியாத விலையில் வரியும் என்ற ஏற்பாட்டை எத்தனை காலம் தொடர முடியும் என்பதை இரு அரசுகளும் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தருகிறோம் என்பதை பட்ஜெட் சொல்கிறது. டீசல் வழியாக அதே குடும்பத்திடமிருந்து எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கை, சுதந்திரப் பூங்காவில் திரண்ட இரு கட்சிகளுமே முன்வைக்கவில்லை.