காதடியில் கட்டியா? கத்திக்கு முன்னே ஊசிப் பரிசோதனை



காதுக்குக் கீழே வீங்கினால் நம் பக்கத்தில் யாரும் உடனே டாக்டரைத் தேடுவதில்லை. பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, கழுத்தில் பொன் சங்கிலியைப் போட்டு, பத்துப் போட்டுவிட்டு இருந்துவிடுவோம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். காய்ச்சலும் வலியுமாக வரும், 10 நாளில் வடிந்துவிடும். ஆனால் வயது வந்த ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்து, 3 வாரமாகியும் வடியவில்லை என்றால் அது வேறு சமாசாரம்.

காதடியில் இரண்டு, தாடைக்கடியில் இரண்டு, நாக்கடியில் இரண்டு என்று நமக்கு எச்சில் சுரப்பிகள் உண்டு. உதட்டிலும் அண்ணத்திலும் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றில் புற்றுநோய் வருவது அபூர்வம். காதடிக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்துக்கு நான்கு சாதுவானவை. சுரப்பி சிறியதாக இருந்தால்தான் புற்றுக்கு இடம் அதிகம். அண்ணத்தில் எழும் கட்டியை அலட்சியம் செய்யவே கூடாது. புகையிலை தொடாதவருக்கும் இது வரும்.

சாப்பிடும்போது மட்டும் தாடைக்கடியில் வீங்கி, பிறகு வற்றினால் அநேகமாகக் கல் அடைப்பு. அதையும் காட்டத்தான் வேண்டும்.

முகத்தை அசைக்கிற நரம்பு காதடிச் சுரப்பியின் ஊடேதான் ஓடுகிறது. புற்று அதைப் பிடித்தால் ஒரு பக்கக் கண் மூடாது. தண்ணீர் குடித்தால் கடைவாயில் ஒழுகும். இதை முதலில் பார்ப்பவர் கணவனோ மனைவியோதான். வாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இராதீர்கள். கட்டியும் இருந்து முகமும் கோணினால் அன்றைக்கே புறப்படுங்கள். கட்டி வேகமாகப் பெருத்தாலும், கல் போல ஒட்டிக்கொண்டாலும், கழுத்தில் நெறி கட்டினாலும் அப்படியே.

வலிக்கவில்லையே என்று தைரியப்படவும் வேண்டாம். சில வகைப் புற்று வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். முந்தானையால் மறைத்து ஒரு வருஷம் ஓட்டிய ஒரு தாயைக் கேட்டேன். "அறுப்பு முடியட்டும்னு பாத்தேங்க" என்றார். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை அறுப்பு முடிந்தது!

சீழ்க்கட்டி என்று எண்ணி யாரிடமாவது கீறிக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். நரம்பு அறுபட்டால் முகம் கோணியே நின்றுவிடலாம். கட்டியின் உறை கிழிந்தால் செல்கள் சிதறி மறுபடியும் முளைக்கும்.

டாக்டர் வெளியேயும் வாய்க்குள்ளும் விரலால் தடவிப் பார்ப்பார். ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்லை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. அன்றே வீடு திரும்பலாம். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். இந்த முடிவை எங்கும் ஒரே விதமாக எழுத, மிலான் முறை என்று 2018-ல் ஆறு பிரிவுகள் வகுத்தார்கள். முதல் பிரிவுக்குப் "போதிய செல் இல்லை" என்று பொருள். அது வந்தால் நோய் இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள்; மறுபடி ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். சில கட்டிகளை, முழுதாக எடுத்துச் சோதித்த பிறகுதான் இன்னதென்று சொல்ல முடியும்.

கர்ப்பிணியானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசிப் பரிசோதனையும் ஒலி அலை ஸ்கேனும் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

முதலில் வில்லியனூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பினால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். புற்றுநோய் மையமும் அதே வளாகத்தில்தான். பழைய சீட்டு, ஸ்கேன் படம், கண்ணாடித் தகடு எதையும் வீட்டில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், இருவருமாகப் போங்கள்.