பி.டி.எஃப். கோப்பிலுள்ள படத்தைக் கெடாமல் எடுப்பது எப்படி?

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய நினைவு மலர் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கிறது. அதில் மறைந்த தாத்தாவின் படம். வீட்டில் வேறு பிரதி இல்லை. பலரும் கணினித் திரையில் தெரிவதை அப்படியே பதிவு செய்து ஸ்டூடியோவில் கொடுக்கிறார்கள். பெரிதாக்கினால் முகம் மங்கிவிடுகிறது. காரணம், திரை காட்டும் புள்ளிகள் மட்டுமே அதில் பதிவாகின்றன.

அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பி.டி.எஃப். அமைப்பில் எழுத்துகளும் படங்களும் தனித்தனியாகவே சேமிக்கப்படுகின்றன. ஜேபெக் படம் பெரும்பாலும் ஜேபெக்காகவே உள்ளே இருக்கும். பாப்ளர் தொகுப்பிலுள்ள 'பி.டி.எஃப். இமேஜஸ்' எனும் இலவச மென்பொருளை 'ஆல்' எனும் தெரிவுடன் இயக்கினால், அத்தகைய படங்கள் தரம் குறையாமல் தனிக் கோப்புகளாக வெளிவரும்.

ஸ்கேன் செய்த மலராக இருந்தால், பெரும்பாலும் முழுப் பக்கமும் ஒரே படமாக வரும். தேவையான பகுதியை வெட்டிக்கொள்ளலாம். கோடுகளாக வரையப்பட்ட சின்னங்கள் இம்முறையில் வாரா.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மலர் தயாரித்தபோதே படத்தின் அளவைச் சுருக்கியிருந்தால், இழந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே, மலர்க்குழுவினர் மூலப் படங்களைத் தனியே பாதுகாத்து வைப்பது நல்லது. ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு படம்தான் மிச்சமாக இருக்கலாம்.